புதுப் பேனா விட்டு விட்டு எழுதுகிறது: கோளாறு நிப்பிலா, மையிலா, என் கையிலா?

மையூற்று:
வணக்கம். இவ்வளவு காலம் பால் பாயிண்டில் எழுதிவிட்டு இப்போதுதான் முதல் இங்க் பேனா வாங்கியிருக்கிறேன். ஸ்டீல் நிப், மீடியம், உள்ளே திருகி மை இழுக்கிற கன்வெர்ட்டர். பெட்டியைப் பிரித்ததுமே கறுநீல மை நிரப்பி எழுத உட்கார்ந்தேன், முதல் பத்தி அருமையாகப் போனது. அப்புறம்தான் தலைவலி. சொல்லுக்குச் சொல் முதல் இழுப்பு தாளில் விழுவதில்லை, 'க' எழுதினால் தொடங்கின இடம் காணாமல் மீதி மட்டும் நிற்கிறது. அழுத்தினால் எழுதுகிறது. இது போதாதென்று அரைப் பக்கம் நிறுத்தாமல் எழுதினால் மை வெளிறிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் வறண்டுவிடுகிறது, உதறினால் மறுபடி வருகிறது. உப்புத்தாளில் நிப்பை நாலு தேய்ப்புத் தேய்த்தால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?

பழையமூடி:
உப்புத்தாளைக் கீழே வையுங்கள்.
மை நிரப்பும் முன் கழுவினீர்களா? என்ன மை? எந்த மாதிரித் தாள்? மூன்றுக்கும் பதில் சொல்லுங்கள், பிறகு பேசலாம்.

மையூற்று:
கழுவவில்லை. புதுப் பொருளை எதற்குக் கழுவ வேண்டும்? மை பெலிக்கன் 4001 கறுநீலம், புதுப் புட்டி. தாள் நன்றாக வழவழவென்று இருக்கும் நோட்டு, இங்க் பேனாவுக்கென்றே தேடி வாங்கியது. நீங்கள் கேட்ட பிறகு யோசித்தால், சாதாரணத் தாளில் இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கிறது.

நீலக்கறை:
நண்பரே, நீங்கள் ஒரு நோயைச் சொல்வதாக நினைத்து இரண்டைச் சொல்லியிருக்கிறீர்கள். முதல் இழுப்பு விழாமல் போவது ஒன்று. எழுத எழுத வெளிறி நின்றுபோவது இன்னொன்று. இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம், அதனால் தனித்தனியாகப் பாருங்கள். சேர்த்துப் பார்த்தால் குழம்பிவிடுவீர்கள்.

இரண்டாவதிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதற்குத்தான் பைசா செலவில்லாத வைத்தியம் இருக்கிறது. நிப்புக்கு அடியில் கறுப்பாக, சீப்புப் பல் மாதிரி வரிவரியாக ஒரு நாக்கு இருக்கிறதே, அந்த ஃபீட் பெரும்பாலும் அச்சில் வார்த்த பிளாஸ்டிக். வார்க்கும்போதும் நிப்பை வெட்டி மெருகேற்றும்போதும் படிகிற எண்ணெய்ப்பிசுக்கு அதில் மிச்சம் இருந்துவிடும். மை என்பது முக்காலே மூணுவீசம் தண்ணீர். எண்ணெய் பட்ட இடத்தில் தண்ணீர் பரவாமல் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும், மயிரிழை போன்ற வாய்க்காலில் அப்படி நின்றால் ஓட்டம் அறுந்துவிடும். முதல் பத்தி நன்றாக வந்ததே, அது நிரப்பும்போது நிப்பைப் புட்டிக்குள் முக்கினீர்கள் அல்லவா, அப்போது நாக்கு குடித்து வைத்திருந்த மை. அது தீர்ந்த பிறகுதான் பேனா தன் சொந்த ஓட்டத்தில் எழுத ஆரம்பித்தது.

கழுவுவது இப்படி. மையைக் கொட்டிவிட்டு வெறும் தண்ணீரை இழுத்து இழுத்து விடுங்கள், நிறம் போகும் வரை. பிறகு ஒரு கோப்பை தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரே ஒரு சொட்டு விட்டுக் கலக்கி அதையும் இழுத்து விடுங்கள், கொஞ்ச நேரம் நிப்பை அதிலேயே ஊற விடுங்கள். கடைசியில் சோப்பு துளிகூட இல்லாமல் வெறும் தண்ணீரில் அலச வேண்டும், இந்தக் கட்டத்தில் சோம்பல் படாதீர்கள், சோப்பு மிச்சம் இருந்தால் மை தாளில் இறகு இறகாகப் பரவும். தண்ணீர் வெதுவெதுப்புக்கு மேல் வேண்டாம், கொதிக்கிற தண்ணீரில் பிளாஸ்டிக் கோணிக்கொள்ளும். ஸ்பிரிட், நகப்பூச்சு அழிக்கும் திரவம் இதெல்லாம் பக்கத்திலேயே வரக்கூடாது, பேனா உடம்பையே கரைத்துவிடும். கழுவி முடித்து நிப்பைக் கீழ்நோக்கி ஒரு டிஷ்யூ தாளில் குத்தி வைத்து ராத்திரி முழுக்க விடுங்கள், உள்ளே இருக்கும் தண்ணீரை அது உறிஞ்சிவிடும்.

அப்புறம் கன்வெர்ட்டர். வெளிறும்போது கழற்றிப் பாருங்கள். மை முழுக்க மேல்கோடியில் ஒட்டிக்கொண்டு நிப்புப் பக்கம் காற்று மட்டும் இருந்தால் குற்றவாளி அதுதான். குழாய் ஒல்லி, மையின் பரப்பு இழுவிசை அதிகம், அதனால் மை கீழே இறங்காமல் தொங்கும். விரலால் சுண்டினால் இறங்கும். சில கன்வெர்ட்டர்களுக்குள் குட்டி உருண்டையோ ஸ்பிரிங்கோ போட்டிருப்பது இதை உடைக்கத்தான்.

கூர்முனை:
இவ்வளவு பெரிய வைத்தியம் எதற்கு? புது நிப் என்றால் கொஞ்ச நாள் முரண்டு பிடிக்கத்தான் செய்யும். எழுத எழுதப் பழகிவிடும், உங்கள் கைக்குத் தகுந்தபடி தேய்ந்து வரும். அவசரம் என்றால் உப்புத்தாளில் எட்டுப் போடுங்கள், தேய்மானம் சீக்கிரம் வந்துவிடும். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள், யாரும் லென்ஸ் வைத்துக்கொண்டு உட்காரவில்லை.

பழையமூடி:
அந்தக் காலத்தில் பல்லையும் கதவில் கயிறு கட்டித்தான் பிடுங்கினார்கள்.

ரசமட்டம்:
கூர்முனை சொல்வதில் பாதி சரி, நிப் கைக்குத் தகுந்தபடி தேய்வது உண்மை. ஆனால் அது வருஷக்கணக்கில் நடக்கிற காரியம். காரணம், தாளைத் தொடுகிற அந்தச் சின்ன உருண்டை ஸ்டீல் அல்ல. ஸ்டீல் நிப்போ தங்க நிப்போ, நுனியில் தனியாக ஒரு கடின உலோகக் கலவையை ஒட்டவைத்து, அதை நடுவில் பிளந்து, பிறகு மெருகேற்றுகிறார்கள். பழக்கத்தில் இன்னும் இரிடியம் என்றே சொன்னாலும் இன்றைய கலவைகளில் ஆஸ்மியம், ருத்தேனியம், டங்ஸ்டன் போன்றவைதான் பெரும்பங்கு. நாலு பக்கம் எழுதியதால் அது தேயாது. நாலு பக்கத்தில் ஏதாவது சரியானால், அது உள்ளே இருந்த பிசுக்கு மையோடு வெளியேறியது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

உப்புத்தாளில் தேய்ந்துவிடுமே என்றால், ஆமாம், தேயும், அதுதான் பிரச்சினை. கடையில் கிடைக்கும் நைசான 2000 எண் தாளின் துகளே சுமார் 10 மைக்ரான். நிப் சரிசெய்பவர்கள் கடைசி மெருகுக்கு எடுப்பது 1 மைக்ரான், 0.3 மைக்ரான் துகள் உள்ள படலம். எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

ஓட்டம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் கோளாறைக் கண்டுபிடிப்பது சுலபம். மை தானாகக் கொட்டுவதில்லை, ஒல்லியான வாய்க்காலின் சுவர் அதை இழுத்துக்கொண்டு வருகிறது, இதுதான் நுண்புழை விசை. வெளியே போன மைக்குப் பதிலாக அதே அளவு காற்று உள்ளே போக வேண்டும், போகாவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி மையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 1884-ல் லூயிஸ் வாட்டர்மன் காப்புரிமை வாங்கின நாக்கின் சூட்சுமமே மை இறங்கும்போது காற்றும் ஏறும்படி செய்ததுதான். எழுத எழுத வெளிறி, உதறினால் பிழைக்கிறது என்றால் இந்தக் கொடுக்கல் வாங்கல் நாக்குக்கும் கன்வெர்ட்டருக்கும் நடுவில் எங்கோ தடைப்படுகிறது.

முதல் இழுப்பு விழாதது வேறு கதை. அங்கே மை நுனி வரைக்கும் வந்துவிட்டுத் தாளைத் தொடாமல் நிற்கிறதா, அல்லது நுனிக்கே வரவில்லையா என்பதுதான் கேள்வி. அதைப் பிரித்துப் பார்க்க ஒரு சோதனை: கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு நிப்பை மட்டும் புட்டியில் தோய்த்து எழுதுங்கள். தோய்த்த நிப்பில் மைக்குப் பஞ்சமே இல்லை. அப்போதும் முதல் இழுப்பு விழாவிட்டால் நாக்கும் கன்வெர்ட்டரும் நிரபராதி, குற்றம் நுனியில். தோய்த்தபோது ஒழுங்காக எழுதினால் குற்றம் மேலே, நுனியில் கைவைக்கவே வேண்டாம்.

நீலக்கறை:
இந்தச் சோதனையைக் கழுவின பிறகு செய்யுங்கள். மையையும் ஒரு தடவை மாற்றிப் பாருங்கள். 4001 கறுநீலம் இரும்பு கலந்த மை, கூடவே வறண்டு ஓடுகிற சுபாவம். நல்ல மைதான், எனக்குப் பிடித்ததும்கூட, ஆனால் புதுப் பேனாவைச் சோதிக்க ஏற்றதல்ல. வாட்டர்மன் செரினிட்டி ப்ளூ மாதிரி சாதுவான, தாராளமாக ஓடுகிற நீலம் ஒன்றைப் போட்டுப் பார்த்தால் பழி யார் மேல் என்று தெரிந்துவிடும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மை, தாள், பிடி மூன்றையும் சேர்த்து மாற்றிவிட்டு "சரியாகிவிட்டது, எதனால் என்று தெரியவில்லை" என்று வந்து நிற்பவர்கள் நிறையப் பேர்.

வரைபடக்காரர்கள் பயன்படுத்தும் இந்தியன் இங்க் மட்டும் தப்பித் தவறியும் வேண்டாம். அதில் அரக்கு இருக்கும், காய்ந்தால் நாக்கு நிரந்தரமாக அடைத்துக்கொள்ளும்.

மையூற்று:
கழுவியாயிற்று, சோப்புத் தண்ணீரோடு. மை மாற்றவில்லை, அதே கறுநீலம்தான். வெளிறுவது சுத்தமாக நின்றுவிட்டது! இரண்டு பக்கம் ஒரே நிறத்தில் போகிறது. ஆனால் முதல் இழுப்புச் சனியன் அப்படியே இருக்கிறது. தோய்த்தும் எழுதிப் பார்த்தேன், நிப்பில் மை சொட்டச் சொட்ட நிற்கிறது, தாளில் வைத்து இழுத்தால் முதல் துளி தூரம் வெறுமை, அப்புறம் பட்டையாக எழுதுகிறது.

பழையமூடி:
அப்போது நுனி. லென்ஸ் இருக்கிறதா? நகை பார்ப்பவர்கள் கண்ணில் வைக்கிற 10 மடங்கு போதும். மைபடாமல் துடைத்துவிட்டு நிப்பின் மூக்கை உங்களைப் பார்த்துத் திருப்பி வைத்துப் பாருங்கள்.
பார்க்க வேண்டியது: நடுப்பிளவின் இரண்டு பக்க இதழும் ஒரே மட்டமா. ஒளிக்கு எதிரே பிடித்தால் பிளவில் வெளிச்சம் தெரிகிறதா, பிளவு தொடங்கும் மூச்சுத்துளையிலிருந்து நுனிக்கு வர வர அது குறுகுகிறதா. நுனியில் பிளவின் உள்விளிம்பு கூராக நிற்கிறதா, உருண்டு உள்ளே மடிந்திருக்கிறதா.

இடக்கையெழுத்து:
நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே முதல் இழுப்புத் தொல்லை, ஆனால் நான் இடது கைக்காரன். என் பேனாவை வலது கைக்காரர் ஒருவரிடம் கொடுத்தால் அவருக்கு அழகாக எழுதுகிறது. என் கையில் வந்தால் முரண்டு. இதற்கு நிப்பைக் குறை சொல்ல முடியுமா?

ரசமட்டம்:
முடியாது, உங்கள் கையையும் குறை சொல்ல வேண்டாம். வலது கை நிப்பைத் தாளில் இழுத்துக்கொண்டு போகிறது, இடது கை பெரும்பாலும் தள்ளிக்கொண்டு போகிறது. தள்ளும்போது இரண்டு இதழும் நெருங்கிப் பிளவு இறுகும், இழுக்கும்போது லேசாக விரியும். அதனால் வலது கைக்குப் போதுமான ஓட்டம் உங்களுக்குப் பற்றாது. கையை வரிக்குக் கீழே வைத்துத் தாளைச் சாய்த்துப் பாருங்கள், தள்ளுவது குறைந்து இழுப்பது கூடும். கையை வளைத்து வரிக்கு மேலிருந்து எழுதுகிறவர் என்றால் தாராளமாக ஓடும் மையும் உருண்டையான மீடியம் நிப்பும்தான் ஒத்துவரும், சாய்வாக வெட்டின நிப்பெல்லாம் பாடாய்ப் படுத்தும். இன்னொன்று, பேனா கைக்குள் உருண்டுவிடுகிறதா என்று கவனியுங்கள். பிளவு தாளுக்கு நேராக உட்காராமல் ஒரு இதழ் மட்டும் தொட்டால் யார் கையிலும் எழுதாது.

நீலக்கறை:
இதையே மையூற்றும் கவனிக்கலாம். பால் பாயிண்டிலிருந்து வருகிறவர்கள் பேனாவை நட்டக்குத்தலாகப் பிடித்து அழுத்துவார்கள். அங்கே உருண்டையை உருட்ட அழுத்தம் வேண்டும், இங்கே பேனாவின் சொந்த எடையே போதும். கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். தொடர்ந்து அழுத்தினால் இதழ்கள் அகன்று அப்படியே நின்றுவிடும், பிறகு அது நிஜமான கோளாறாகிவிடும்.

மையூற்று:
சாய்த்துப் பிடித்தும் பார்த்தேன், பெரிய வித்தியாசமில்லை. லென்ஸ் கிடைத்தது. இதழ்கள் இரண்டும் ஒரே மட்டம். பிளவில் மெல்லிய வெளிச்சக் கோடு, நுனிக்கு வரும்போது மறைந்துவிடுகிறது. ஆனால் மூக்கைப் பார்த்தபடி வைத்தால், நுனி உருண்டை நடுவில் உள்ளே அமுங்கின மாதிரி, பிளவின் இரண்டு ஓரமும் உருண்டு ஒரு குழி தெரிகிறது. எழுதும்போது கண்ணாடியில் வழுக்குவது போல் அவ்வளவு வழவழப்பு, கீறல் சத்தமே கிடையாது. இவ்வளவு நைசான நிப் ஏன் எழுத மாட்டேன் என்கிறது?

ரசமட்டம்:
நைசாக இருப்பதால்தான். பேபி பாட்டம் என்று பேனாக்காரர்கள் சொல்லும் குறை இது, நீங்கள் வர்ணித்ததே பாடப்புத்தகம் போல இருக்கிறது. தொழிற்சாலையில் மெருகேற்றும்போது கொஞ்சம் அதிகமாகிவிட்டால் பிளவின் உள்விளிம்பும் சேர்ந்து உருண்டுவிடும். மை பிளவின் வாய் வரைக்கும் வந்து நிற்கிறது, ஆனால் தாளைத் தொடுவது இரண்டு பக்க மேடு மட்டும், நடுவில் மை தாளுக்கு மேலே மயிரிழை உயரத்தில் தொங்குகிறது. அழுத்தினால் இதழ்கள் வளைந்து மை தாளை எட்டிவிடும், ஒருமுறை தொட்டுவிட்டால் ஈரம் ஈரத்தை இழுத்துக்கொண்டு கோடு தொடரும். தூக்கி வைத்தால் மறுபடி அறுந்துவிடும். சாதாரணத் தாளில் குறைவாக இருக்கிறது என்றீர்களே, அதற்கும் இதுதான் காரணம், அந்தத் தாளின் நார் மேலே நீட்டிக்கொண்டு போய் மையைத் தொட்டுவிடுகிறது. வழவழ தாளில் நீட்டுவதற்கு ஒன்றுமில்லை.

எழுதிப் பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் பார்ப்பது வழுக்கலைத்தான், தொழிற்சாலைகளும் அதற்குத் தகுந்தபடி மெருகை ஏற்றிக்கொண்டே போகின்றன, விளைவு இது. தாள் தெரிகிற மாதிரி லேசாக உரசிக்கொண்டு போகிற நிப்தான் எனக்குப் பிடிக்கும். அது என் ருசி, சரி.

கூர்முனை:
ஆக, தேய்க்கத்தானே வேண்டும்? நான் முதலிலேயே சொன்னேனே!

பழையமூடி:
மருந்து சரி, நோய் தெரியும் முன்னால் கொடுத்தீர்கள். இதுவே இதழ் மட்டம் தவறிய நிப்பாக இருந்து தேய்த்திருந்தால், தாழ்ந்த இதழ் மட்டும் தேய்ந்து இரண்டும் கோணலாகவே நைசாகியிருக்கும். அப்புறம் மட்டம் சரிசெய்தால் எழுத்து இன்னும் மோசம். முதலில் மட்டம், பிறகு பிளவு, கடைசியில்தான் தேய்ப்பு. இந்த வரிசை மாறக்கூடாது.

கூர்முனை:
ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஒருவன் தன் பேனாவில் தானே கைவைக்கக் கூடாது என்பது போலப் பேசுவது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. விலை குறைந்த ஸ்டீல் நிப் ஒன்றை எடுத்து வைத்துத் தேய்த்துப் பழகினால்தானே கை வரும்?

ரசமட்டம்:
அதில் தகராறே இல்லை. விலை குறைந்த நிப்பில் பழகுங்கள், எல்லாரும் அப்படித்தான் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் மையூற்றுவின் பேனா புதிது, இன்னும் உத்தரவாதம் இருக்கும். தேய்த்த அடையாளம் தெரிந்தால் எந்தக் கம்பெனியும் மாற்றித் தராது. அதனால் முதலில் வாங்கின இடத்தில் கேளுங்கள், முதல் இழுப்பு விழாத மாதிரி எழுதின தாளைப் படமெடுத்து அனுப்புங்கள். 'நிப் சரியில்லை' என்று மட்டும் எழுதினால் கழுவிப் பாருங்கள் என்று பதில் வரும். கழுவினேன், தோய்த்தும் எழுதிப் பார்த்தேன், லென்ஸில் பார்த்தேன் என்று எழுதினால் பேச்சு சுருக்கமாக முடியும்.

அவர்கள் கைவிரித்தால் மட்டும் 1 மைக்ரான் படலம். ரப்பர் மாதிரி மெத்தென்ற எதன் மேலும் அதை விரிக்காதீர்கள், மெத்தென்றால் படலம் அமுங்கிப் பிளவுக்குள் புகுந்து உள்விளிம்பை இன்னும் உருட்டிவிடும், இருக்கிற நோயே பெருகும். கண்ணாடித் துண்டின் மேல் விரித்து, நிப்பில் மையோடு, எழுதுகிற கோணத்திலேயே, எடையே இல்லாமல் சிறு சிறு எட்டுகள். கொஞ்சம் போட்டுவிட்டு வழவழ தாளில் எழுதிப் பாருங்கள், மறுபடி கொஞ்சம். முதல் இழுப்பு விழுந்த நொடியில் நிறுத்த வேண்டும், இன்னும் கொஞ்சம் நைசாக்கலாமே என்ற ஆசைதான் இந்தக் குழியை முதலில் உண்டாக்கியது.

கூர்முனை:
இந்தக் கண்ணாடி விஷயம் நல்ல தகவல், நான் ரப்பர் பாய்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தங்கநிப்பு:
இதற்கெல்லாம் ஒரே தீர்வு தங்க நிப். 14 காரட்டுக்குப் போய்விட்டால் ஸ்டீல் தொல்லையே இல்லை.

பழையமூடி:
14 காரட்டுக்கு அடையாளமாக 585 என்று முத்திரை குத்தினால் மெருகேற்றுகிற கை மாறிவிடுமா? நுனி உருண்டை அதே வகைக் கலவைதான், இதே குழி தங்கத்திலும் வரும். தங்கம் துருப்பிடிக்காது, சில நிப்கள் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அவ்வளவுதான்.

தங்கநிப்பு:
அந்த வளைந்து கொடுப்பதற்குத்தான் சார் காசு கொடுக்கிறோம். சரி விடுங்கள்.

மையூற்று:
நல்ல செய்தி. படமும் தாளும் அனுப்பினேன், மறுபேச்சில்லாமல் திருகி மாட்டுகிற புது நிப் அனுப்பிவிட்டார்கள். இந்த முறை கழுவிவிட்டுத்தான் மாட்டினேன். முதல் இழுப்பு ஒவ்வொன்றும் விழுகிறது, வழவழ தாளிலும். ஆனால் இப்போது புது வினை: கீறுகிறது. எல்லாத் திசையிலும் அல்ல. மேலிருந்து கீழே இழுத்தால் பரவாயில்லை, வலது பக்கம் போனாலும் சரி, இடது பக்கம் போகும்போது மட்டும் தாளில் கொக்கி போட்ட மாதிரி பிடிக்கிறது. கேட்டு வாங்கின நிப்பையும் திருப்பி அனுப்பினால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

பழையமூடி:
அனுப்ப வேண்டாம். ஒரு திசையில் மட்டும் கீறினால் இதழ் மட்டம். கையாலேயே தீரும்.

நீலக்கறை:
இது எல்லாருக்கும் வருகிற கோளாறு, தபாலில் வரும்போது தட்டுப்பட்டாலே இதழ் நகர்ந்துவிடும். கணக்கு எளிது. எழுதுகிற நிலையில் மேலிருந்து பார்த்தால் ஒரு இதழ் உங்களுக்கு இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். வலது இதழ் தாழ்ந்திருக்கிறது என்று வையுங்கள், அதன் உள்விளிம்பு இடப்பக்கத்தைப் பார்த்தபடி தாளுக்கு நீட்டிக்கொண்டிருக்கும். நிப் இடது பக்கம் நகரும்போது அந்த விளிம்பு முன்னால் போய்த் தாளைச் சீவும், வலது பக்கம் நகரும்போது பின்னால் வரும், அதனால் சத்தமில்லை. ஆக, இடப்பக்கம் போகும்போது பிடித்தால் வலது இதழ் தாழ்வு, வலப்பக்கம் போகும்போது பிடித்தால் இடது இதழ் தாழ்வு. லென்ஸில் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், மூக்கை உங்கள் பக்கம் திருப்பினால் இடம் வலம் மாறித் தெரியும் என்பதை மறக்காதீர்கள்.

இப்போது இரண்டு வழி. தாழ்ந்த இதழை நகத்தால் அடியிலிருந்து மேலே தூக்கலாம், அல்லது உயர்ந்ததைக் கீழே அழுத்தலாம். நிப் வறண்டு எழுதினால் தூக்குங்கள், ஓட்டம் கொஞ்சம் கூடும். ஏற்கனவே ஈரமாக எழுதினால் உயர்ந்ததை அழுத்துங்கள், ஓட்டம் சற்றுக் குறையும். இடுக்கி, குறடு எதுவும் வேண்டாம், நகம் போதும். உலோகம் துள்ளித் திரும்பும், அதனால் சரியான மட்டத்தைத் தாண்டி இம்மி தள்ளிப் பிடித்து, சில நொடி வைத்து, விட வேண்டும். பார்த்து, எழுதி, மறுபடி. ஒரே அமுக்கில் முடிக்கப் பார்க்காதீர்கள்.

இடக்கையெழுத்து:
பிளவே இறுகிப்போன நிப்பானால்? என்னுடையதில் வெளிச்சமே தெரியவில்லை, லென்ஸ் வைத்துப் பார்த்தும்.

ரசமட்டம்:
அப்படியானால் உங்களுக்குத் தள்ளுவதும் இறுக்கமும் சேர்ந்து வேலை செய்திருக்கிறது. பித்தளைத் தகடு வாங்குங்கள், 0.05 மில்லிமீட்டர் கனம் போதும், அதற்கு மேல் தடித்தது வேண்டாம். மூச்சுத்துளைப் பக்கமிருந்து பிளவுக்குள் நுழைத்து நுனியை நோக்கி மெல்ல இழுங்கள். இழுக்கும்போது தகடு கோணக்கூடாது, கோணினால் ஒரு இதழ் தூக்கிக்கொள்ளும். காய்ந்த மையும் காகித நாரும் அடைத்திருந்தால் அதுவும் வெளியே வந்துவிடும். துளையருகே வெளிச்சம் தெரிந்து நுனியில் இதழ்கள் லேசாகத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். நுனியிலும் வெளிச்சம் தெரிந்தால் மிஞ்சிவிட்டது, அங்கே நுண்புழை விசை அறுந்து மை நுனிக்கு வராமலே போகும்.

இடக்கையெழுத்து:
தகடு சொல்லியிருக்கிறேன். தாளைச் சாய்த்ததிலேயே பாதி குறைந்திருக்கிறது, வந்ததும் மீதியைப் பார்க்கிறேன்.

மையூற்று:
லென்ஸில் பார்த்தால் நீலக்கறை சொன்னபடியே வலது இதழ்தான் தாழ்ந்திருந்தது. நிப் நல்ல ஈரம், அதனால் இடதை நகத்தால் அழுத்தினேன். முதலில் ஒன்றும் ஆகவில்லை, துள்ளி அதே இடத்துக்கு வந்தது. கொஞ்சம் கூடுதலாகத் தள்ளிப் பிடித்ததில் உட்கார்ந்துவிட்டது. இப்போது நாலு திசையும் ஒரே மாதிரி. லேசாகத் தாள் உரசுகிற சத்தம் மட்டும் இருக்கிறது, ரசமட்டம் சொன்ன மாதிரி அது பிடித்துத்தான் இருக்கிறது.

ஒரு சந்தேகம் மிச்சம். மூடியைத் திறக்கும்போதெல்லாம் நிப்பின் மேல்பக்கம், பிளவை ஒட்டி, மை பரவிக் கறையாக இருக்கிறது. கசிவா?

பழையமூடி:
கசிவு இல்லை. சில மை உலோகத்தின் மேல் அப்படித்தான் ஊர்ந்து வரும். மூடிக்குள் சொட்டு நின்றால் மட்டும் சொல்லுங்கள். கண்ணை உறுத்தினால் துடையுங்கள், எழுதி முடித்தால் மறுபடி வந்துவிடும்.